ஜெமிமாவின் அலமாரி ஆங்கிலம்

ஜெமிமாவுக்கு ஆங்கிலம் வராது என்று யாரும் சொன்னதில்லை, தேர்வு நடத்தியவர்களைத் தவிர. அவர்கள் இரண்டு முறை சொன்னார்கள்.

சேரன்மகாதேவியில் பிறந்து, பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்து, நர்ஸிங் முடித்து, பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினான்கு வருடமாக வேலை பார்ப்பவர் ஜெமிமா. வயது முப்பத்தேழு. அறுவைசிகிச்சை வார்டுக்கு இன்சார்ஜ். டாக்டர்கள் அவசரத்தில் உதிர்க்கும் ஆங்கிலத்தைப் பொறுக்கி, டாக்டர்களுக்கே புரியும்படி எழுதிவைப்பது அவருடைய அன்றாட வேலைகளில் ஒன்று. ஆகவே, இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனை வீடியோவில் நேர்காணல் நடத்தி, நவம்பர் கடைசிவரை இடத்தைப் பிடித்துவைக்கிறோம் என்று சொன்னபோது, அவர் ஆச்சரியப்படவில்லை. இடம் கொடுக்காவிட்டால்தான் ஆச்சரியப்பட்டிருப்பார்.

பாக்கி இருந்தது நர்ஸுகளுக்கான ஆங்கிலத் தேர்வு மட்டும். கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் தேறிவிட்டார். எழுத்துத் தேர்வில் ஒரு நோயாளியின் குறிப்புகளைக் கொடுப்பார்கள். நாற்பத்தைந்து நிமிடத்தில் அதைப் படித்து இன்னொரு மருத்துவருக்கோ நர்ஸுக்கோ கடிதம் எழுத வேண்டும். வேண்டியது முன்னூறு. கிடைத்தது இருநூற்றுத் தொண்ணூறு.

"பத்து மார்க்குதானே, தம் கட்டினா முடிஞ்சுது" என்றார் கணவர் எபனேசர். அவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர்.

தம் கட்ட ஜெமிமா தேர்ந்தெடுத்த இடம், வண்ணார்பேட்டையில் முகுந்தன் நடத்திய பயிற்சி வகுப்பு. முகுந்தன் கல்லிடைக்குறிச்சிக்காரர், ஜெமிமாவைவிட ஒன்பது வயது இளையவர், குழப்பும் ஆங்கிலச் சொற்களில் நிபுணர். இருநூற்றுப் பன்னிரண்டு ஜோடிகளை அச்சடித்து வைத்திருந்தார். இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் அதன் இரட்டை. எதிரெதிரே உட்காரவைத்தால்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும் என்பது அவர் கொள்கை. ஜெமிமா இரண்டு மாதத்தில் முழுப் பட்டியலையும் மனப்பாடம் செய்தார். வகுப்பில் எந்த ஜோடியைக் கேட்டாலும் முதலில் சொன்னவர் அவர்தான்.

இரண்டாம் முறை கிடைத்தது இருநூற்று எழுபது.

நிறையப் படித்தவருக்குக் குறைய மதிப்பெண் வந்ததில் மர்மம் ஒன்றுமில்லை. பட்டியலுக்கு முன்னால் அவர் பேனா ஓடியது; எப்போதாவது தடுக்கியது. பட்டியலுக்குப் பின்னால் ஒவ்வொரு சொல்லும் தன் இரட்டையைக் கூட்டிக்கொண்டு வந்தது. அஃபெக்ட் என்று எழுதப் போனால் எஃபெக்ட் கூடவே வந்து நிற்கும். இரண்டையும் பார்த்து, யோசித்து, ஒன்றை அனுப்பிவிட்டு நிமிர்ந்தால் அடுத்த ஜோடி வாசலில். கடைசிப் பத்தியை எழுதுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

அது ஆகஸ்ட் மாதம். கட்டணத்தையும் முடிவு வர ஆகும் நாளையும் பார்த்தால், நவம்பர் முடிவதற்குள் இன்னும் ஒரே ஒரு தடவைதான் எழுத முடியும். அதிலும் போனால் இடம் வேறொருவருக்கு.

இந்த நிலையில்தான் ஒருநாள் காலை மருந்து அலமாரியைத் திறந்தார். வார்டில் புதிதாகச் சேர்ந்திருந்த காயல்பட்டினத்து ஷம்ஸியா, முந்தின நாள் அதை அழகாக அடுக்கிவைத்திருந்தாள். ஒரே உயரம், ஒரே நீல மூடி, பெயரிலும் பாதி ஒன்றுபோல இருக்கும் இரண்டு ஊசிமருந்துகள் தோளோடு தோள் நின்றன.

"ஏட்டி, இத யாரு பக்கத்துல பக்கத்துல வச்சது?"

"நாந்தான்க்கா. சேந்து இருந்தா வித்தியாசம் நல்லாத் தெரியும்லா?"

"சேத்து வச்சா ஒண்ணுபோலத்தான் தெரியும். அவசரத்துல கை எதையாவது எடுக்கும். ஒண்ண மேல்தட்டுல வலிமருந்தோட வையி. இன்னொண்ண அங்கன, கீழ் இழுப்பறைல வையி. மூடியப் பாத்து எடுக்கக் கூடாது, இருக்க இடத்தப் பாத்து எடுக்கணும்."

ஷம்ஸியா மருந்தை நகர்த்தினாள். வாயை மட்டும் மூடவில்லை.

"அப்போ நீங்க மேசைல வச்சிப் படிக்குத இங்கிலீஷ் பட்டியல்ல மட்டும் எல்லாத்தையும் ஜோடி சேத்து வச்சிருக்கியளே, அது என்ன கணக்குக்கா? கல்யாண மண்டபமா?"

ஜெமிமா திட்ட வாயெடுத்தார். திட்டுவதற்குள் கேள்வி உறைத்துவிட்டது.

இன்சார்ஜ் ஆன ஒன்பது வருடமாக வார்டுக்கே பாடம் எடுத்த விதி அது. புதிய நர்ஸுக்கு அந்த இரண்டு மருந்தையும் ஒரே நாளில் காட்டவே மாட்டார். முதலாவது கைக்குப் பழகிய பிறகுதான் இரண்டாவது. மருந்துக்குத் தெரிந்த நியாயம் சொல்லுக்குத் தெரியாமல் போனது எப்படி என்று யோசித்தபடி வீட்டுக்குப் போனவர், கத்தரிக்கோலை எடுத்துப் பட்டியலை நெடுக்காக வெட்டினார். அதற்கு முன் அதில் பெரும்பகுதியைத் தூக்கியெறிந்துவிட்டார். டெசர்ட் என்ற ஜோடியில் ஒன்று பாலைவனம், இன்னொன்று சாப்பாட்டுக்குப் பின்வரும் இனிப்பு. இரண்டுமே அவர் வார்டில் கிடையாது. நர்ஸின் கடிதத்தில் தலைகாட்டக்கூடியவை பத்தொன்பது ஜோடிகள் மட்டுமே.

செப்டம்பரில் இடப்பக்கச் சொற்கள் மட்டும். தனிச் சொல்லாக அல்ல, அதது தன் கூட்டாளிகளோடு. எடுத்துக்காட்டாக, நெஞ்சுவலி இல்லை என்கிற நோயாளியையும் மாத்திரை வேண்டாம் என்கிற நோயாளியையும் தமிழில் நாம் 'மறுத்தார்' என்றே எழுதிவிடலாம். ஆங்கில மருத்துவக் கடிதத்தில் முன்னவர் செய்வது டினை (deny), பின்னவர் செய்வது ரெஃப்யூஸ் (refuse). ஜெமிமா முதலில் டினையை மட்டும் எடுத்தார். அதன் அக்கம்பக்கம் வலி, காய்ச்சல், தலைசுற்றல். அதன் வீடு, கடிதத்தின் நோய்வரலாற்றுப் பத்தி. தினம் ஒரு முழுக் கடிதம் எழுதி அதை அங்கே குடியேற்றினார். ரெஃப்யூஸ் அக்டோபரில்தான் வந்தது. ஊசி, மாத்திரை, உணவு ஆகியவற்றோடு சிகிச்சைப் பத்தியில் இறங்கியது. இரண்டும் சந்திக்க வழியே இல்லை.

வெட்டிய பட்டியலைப் பார்த்த முகுந்தனுக்கு முகம் சுருங்கியது.

"சிஸ்டர், கம்பேர் பண்ணாம வித்தியாசம் எப்படித் தெரியும்?"

"வித்தியாசம் இருநூத்திப் பன்னெண்டும் தெரிஞ்சுதான சார் இருவது மார்க் கொறஞ்சுது? எனக்கு அது அது எங்கன இருக்குன்னு தெரிஞ்சாப் போதும்."

"இது கடைசி சான்ஸ். ரிஸ்க் எடுக்கறேள்."

"நீங்க சொன்னபடி செஞ்சது ரிஸ்க் சார். இது என் தொழிலு."

முகுந்தன் சிரித்துவிட்டார். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. மற்ற மாணவர்களுக்கு அன்றும் ஜோடி ஜோடியாகத்தான் நடத்தினார்.

அக்டோபர் கடைசியில் கொச்சியில் தேர்வு. இடுப்பெலும்பு அறுவைசிகிச்சை முடிந்து வீடு திரும்பும் ஒரு முதியவரைப் பற்றிய குறிப்புகள். ஜெமிமா ஆறு நிமிடம் மீதம் வைத்து எழுதி முடித்தார். வெளியே வந்ததும் எபனேசர் கேட்டார்:

"ஜெமி, கொழப்புத வார்த்தை எதுவும் வந்துதா?"

"வந்திருக்கும். நான் கவனிக்கல."

பதில் எபனேசருக்குத் திருப்தி தரவில்லை. ஊர் வந்து சேரும்வரை இரண்டு தடவை திரும்பக் கேட்டார்.

நவம்பர் பத்தொன்பதாம் தேதி, ஊசிமருந்துச் சுற்று நடந்துகொண்டிருக்கும்போது கைப்பேசி அதிர்ந்தது. ஜெமிமா எடுக்கவில்லை. ஏழாவது படுக்கை, எட்டாவது படுக்கை, ஒன்பதாவது படுக்கை என்று முடித்து, கையைக் கழுவித் துடைத்த பிறகுதான் திறந்தார். முன்னூற்று நாற்பது.

"எக்கா, ஒண்ணு அழுங்க, இல்லாட்டி சிரிங்க. சும்மா நிக்கியளே" என்றாள் ஷம்ஸியா.

"பைய வாரேன், இரு" என்று நர்ஸுகள் மேசையில் உட்கார்ந்த ஜெமிமா, இங்கிலாந்து மருத்துவமனைக்கு ஐந்து வரியில் பதில் எழுதினார்: தேறிவிட்டேன், சான்று இணைத்திருக்கிறேன், விசா வேலையைத் தொடங்கலாம். முகுந்தனுக்கு அனுப்பிச் சரிபார்க்கவில்லை. தானும் ஒருமுறைதான் படித்தார். அனுப்பிவிட்டு, பத்தாவது படுக்கைக்காரர் காலையிலிருந்து மறுத்துக்கொண்டிருந்த கஞ்சியைக் குடிக்கவைக்கப் போனார்.