முப்பத்தொன்றரை மணி நேரத்தோடு பாலக்கோட்டுக்கு

சனிக்கிழமை காலை 5.40. திருவண்ணாமலையிலிருந்து அரூர் பேருந்து கிளம்பியது. என் கைப்பையில் எங்கள் கால்பந்து அணியின் பயிற்சி அட்டவணை இருந்தது. பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பதினான்கு வருடமாக உடற்கல்வி ஆசிரியை நான். பிள்ளைகளுக்குக் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டரை மணி நேரம் பயிற்சி. ஞாயிறும் உண்டு.

இரண்டு வாரத்துக்கு முன்பு அணியின் சிறந்த ஆட்டக்காரி கவிதா நொண்டிக்கொண்டு வந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பில் மெல்லிய விரிசல், ஓடி ஓடியே வந்தது என்றார் மருத்துவர். எனக்கு அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் இதைவிட அதிகமாகத்தானே ஓடுவார்கள்? எங்கள் பள்ளிக் கணக்கு ஆசிரியையின் தம்பி சலீம் பெங்களூரில் ஒரு கிளப்புக்கு ஆடுகிறார். போட்டிகள் முடிந்து பாலக்கோட்டில் வீட்டோடு இருந்தார். அவர் வாயால் அதைக் கேட்டுவிட்டால் போதும் என்றுதான் கிளம்பினேன்.

தீர்த்தமலை நிறுத்தத்தில், மலைத் தீர்த்தத்தில் குளித்து இறங்கி வந்தவர்கள் ஈரத் தலையோடு ஏறினார்கள். அரூரில் இறங்கி இட்லி சாப்பிட்டு, தருமபுரி பேருந்தைப் பிடித்தபோது மணி எட்டேகால். அங்கிருந்து பாலக்கோட்டுக்கு இன்னொரு பேருந்து. மூன்றுக்கும் சேர்த்து நூற்று இருபத்தெட்டு ரூபாய். ஊருக்குச் சற்று முன்பே தக்காளி டிராக்டர்கள் சாலையை அடைத்து நின்றன.

"இதுக்கு மேல வண்டி நவுராதுங்க. எறங்கி நடந்தீங்கன்னா சீக்கிரம் போயிடலாம்" என்றார் நடத்துநர்.

10.50. சலீமின் வீடு மார்க்கெட்டுக்குப் பின்தெருவில். அவருடைய அண்ணன் தக்காளி வியாபாரத்துக்குப் போயிருந்தார். சலீமுக்கு இருபத்தேழு வயது இருக்கும், அதிகம் பேசாதவர். அவருடைய அம்மா டீ கொடுத்துவிட்டு, சொந்த மகளை விசாரிப்பதுபோல என் வீட்டைப் பற்றி விசாரித்தார். நான் அட்டவணையை நீட்டினேன். சலீம் விரலை வைத்துக் கூட்டினார்.

"வாரத்துக்கு முப்பத்தொன்றரை மணி நேரம் வருதுங்க டீச்சர்" என்றார்.

அவர்கள் கிளப்பில் எவ்வளவு நேரம் என்று கேட்டேன். சனிக்கிழமை ஆட்டம் என்றால் ஞாயிறு முக்கால் மணி நேரம் மெதுவான ஓட்டமும் உடலைத் தளர்த்துவதும் மட்டும். திங்கள் முழு ஓய்வு. செவ்வாய், புதன், வியாழன் தினமும் ஒன்றரை மணி நேரம் மைதானத்தில். அதில் இரண்டு நாள் ஜிம். வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம், அதுவும் லேசாக.

"ஜிம்மு, வீடியோ பாக்கறது எல்லாம் சேத்தாக்கூட பத்து, பன்னெண்டு மணி நேரந்தாங்க. சீசனுக்கு முன்னாடி சில வாரம் ரெண்டு வேள இருக்கும். அப்பவும் ஒரு நாள் லீவு உண்டு."

பெரியவர்களுக்கே பன்னிரண்டு. என் பிள்ளைகளில் மூத்தவளுக்குப் பதினாறு வயது. அட்டவணையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

பத்தொன்பது வயதில் தானும் கோச்சுக்குத் தெரியாமல் தனியாக ஓடியதாகச் சொன்னார் சலீம். தொடைத் தசை கிழிந்து ஒரு சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்தாராம்.

மாலை 4.45. ஊர் எல்லையில் ஒரு பள்ளி மைதானத்தில் அவர் பயிற்சி செய்வதைப் பார்க்கப் போனேன். கிளப்பிலிருந்து அனுப்பிய அட்டவணைப்படிதான் விடுமுறையிலும் பயிற்சியாம். குறுகிய ஓட்டங்கள், நடுநடுவே நின்று மூச்சு வாங்கல், பந்தோடு திருப்பங்கள். வேகம் பிரமாதமாக இருந்தது. ஐம்பதாவது நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார். இன்னும் ஓடத் தெம்பு இருக்கிறதே என்றேன்.

"இருக்குங்க. அது செவ்வாக்கெழம பயிற்சிக்கு வேணும்" என்றார்.

6.10. தருமபுரி பேருந்துக்குக் காத்திருக்கும்போது கவிதாவின் அப்பா எண்ணுக்கு அழைத்தேன். போனை அவளிடம் கொடுத்தார். தப்பு என்னுடையது, அளவுக்கு மீறி ஓடவிட்டேன் என்றேன். மாணவி ஒருத்தியிடம் அதுவரை நான் அப்படிப் பேசியதில்லை.

"எனக்கு ஒரு மாசமா வலி இருந்துது மிஸ். சொன்னா டீம்லருந்து எடுத்துடுவீங்களோன்னு சொல்லல" என்றாள்.

எடுத்திருப்பேன் என்பது எனக்குத் தெரியும். அதையும் அவளிடம் சொன்னேன். எலும்பு கூடித் திரும்பும்போது அணியில் அவள் இடம் அவளுக்குத்தான் என்றும் சொன்னேன்.

பேருந்தில் உட்கார்ந்து, நாளை பயிற்சி இல்லை என்று பெற்றோர் குழுவுக்குச் செய்தி அனுப்பினேன். ஏன், என்ன ஆயிற்று என்று ஏழெட்டுப் பேர் கேட்டிருந்தார்கள்.

ஞாயிறு காலை மனம் கேளாமல் எங்கள் பள்ளி மைதானத்துக்குப் போனேன். செய்தி போய்ச் சேராத இரண்டு பிள்ளைகள் காலணி கட்டிக்கொண்டு நின்றார்கள். இன்று ஓய்வு, வீட்டுக்குப் போங்கள் என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், நகரவில்லை. ஏதோ சோதனை என்று நினைத்திருக்க வேண்டும். நான் அங்கே நிற்கும்வரை அவர்கள் போக மாட்டார்கள் என்று புரிந்தது. கேட்டைத் திறந்துகொண்டு முதலில் நான் வீட்டுக்கு நடந்தேன்.