எவரிஸ்தோ பர்ரியாவின் இடது முட்டி

எவரிஸ்தோ பர்ரியா போன ஆகஸ்டில் மாரடைப்பில் இறந்தார். வயது எழுபத்தொன்று. அதில் கடைசி இருபத்தாறு வருஷம் ஒற்றைக் காலோடு வாழ்ந்தார்.

சான் அந்தோனியோ துறைமுகத்தில் அவர் வேலை பெட்டி பூட்டுவது. கிரேன் இறக்கும் கன்டெய்னர், லாரித் தளத்தின் நான்கு மூலைகளிலும் உள்ள கூம்புகளில் சரியாக உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் கைப்பிடியைத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். இந்த வேலையைப் பதினாறு வருஷம் பார்த்தார். 1998 ஜூன் ஒன்பதாம் தேதி காலை தூறிக்கொண்டிருந்தது. துருப்பிடித்துச் சிக்கிக்கொண்ட ஒரு கூம்பை விடுவிக்க அவர் தளத்தின் மேல் ஏறியிருந்தார். அவர் கை காட்டுமுன் பெட்டி இறங்கிவிட்டது. வழுக்கி விழுந்தவரின் இடது முட்டிமேல் பெட்டியின் மூலை வந்து உட்கார்ந்தது. யாரோ அவசரப் பொத்தானை அழுத்தினார்கள். கிரேன் நின்றது. அதன்பிறகு அதைக் கிளப்பவே முடியவில்லை.

அந்த ஊரில் தீயணைப்பாளர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். நிலையத்தின் சங்கு ஊதியதும் ஆட்கள் அவரவர் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்தார்கள். ஒருவர் கசாப்புக் கடை ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்தார். இன்னொருவர் வகுப்பில் பாதிக் கணக்கோடு பிள்ளைகளை விட்டுவிட்டு வந்த வாத்தியார். காற்றுப் பைகளை அடியில் செருகிப் பெட்டியைத் தூக்க ஐம்பத்திரண்டு நிமிஷம் ஆனது. அவ்வளவு நேரமும் எவரிஸ்தோவுக்கு நினைவு இருந்தது. தலைமாட்டில் ஒரு குரல், இவர் தாங்கமாட்டார் என்று சொன்னதையும் கேட்டார். பெட்டி உயர்ந்ததும் காலிலிருந்து ரத்தம் பீறிட்டது. யாரோ தொடையில் எதையோ சுற்றி முறுக்கினார்கள். அத்தோடு நினைவு போய்விட்டது.

பதினோரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒன்பது அறுவை சிகிச்சை. கால் முட்டிக்கு மேலே போயிற்று.

அவர்மேல் போர்த்தியிருந்த தீயணைப்பாளர் மழைக்கோட்டு ஒன்று அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. வீடு வந்தபிறகு அதைத் துவைத்து மடித்து, ஊன்றுகோலில் தொங்கவிட்டுக்கொண்டு நிலையத்துக்குக் கொண்டுபோனார். கோட்டைப் பார்த்தபோது யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. ஆளைப் பார்த்ததும் கசாப்புக் கடைக்காரர் வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார். அவர்கள் எவரிஸ்தோவைச் செத்தவராகவே நினைத்திருந்தார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டால் அவர்கள் வேலை முடிந்தது. அதற்குமேல் என்ன ஆயிற்று என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை, அவர்கள் கேட்பதுமில்லை.

இதைத்தான் எவரிஸ்தோ பிடித்துக்கொண்டார். வியாழக்கிழமைகளில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு நடக்கும். அதில் பத்து நிமிஷம் பேசச் சொன்னார் கேப்டன். பிறகு ஆம்புலன்ஸ் நிலையத்தில் கூப்பிட்டார்கள், பிறகு ஆஸ்பத்திரி நர்ஸுகள். நன்றாகப் பேசுகிறவர் என்று சொல்ல முடியாது. அடியில் கிடந்தவனுக்குக் காது கேட்கும், அதனால் பார்த்துப் பேசுங்கள் என்பார். என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை அவனிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்பார். நீங்கள் தூக்கிக்கொண்டு போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்து நன்றி சொல்லமாட்டார்கள், அவர்கள் சார்பாக நான் வந்திருக்கிறேன் என்று முடிப்பார். அவ்வளவுதான். ஆனால் வேலையை விடுவதாக எழுதிக்கொடுத்திருந்த இரண்டு நர்ஸுகள் அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டதாக ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொண்டார்கள். அதைப் பற்றிக் கேட்டால், சம்பளத்தைக் கூட்டியிருப்பார்கள் என்பார் எவரிஸ்தோ.

பேச்சில் ஒரு தப்பு இருந்தது. தொடையில் கட்டுப் போட்டு உயிரைக் காப்பாற்றியவர் அன்றைக்கு அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் என்றே அவர் சொல்லிவந்தார். கட்டோடு அவரைப் பார்த்த முதல் டாக்டர் அவர்தான். எவரிஸ்தோவின் கணக்கில் கட்டுப் போட்டவரும் அவரேதான். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அந்த டாக்டர் வீட்டுக்கு நல்ல காங்க்ரியோ மீனாக ஒன்று பார்த்து அனுப்புவார். டாக்டரும் வாங்கிக்கொள்வார்.

2015இல் ஒரு வியாழக்கிழமை, ஓய்வுபெற்ற ஆம்புலன்ஸ் டிரைவர் லிஸாந்த்ரோ வகுப்புக்கு வந்திருந்தார். பேச்சு முடிந்து தேநீர் குடிக்கும்போது எவரிஸ்தோவை ஓரமாகக் கூப்பிட்டார்.

"கட்டு போட்டது டாக்டர் இல்ல அண்ணே. யாஸ்னா. என் வண்டியில இருந்த நர்ஸ் பொண்ணு. தன்னோட பெல்ட்ட கழட்டி, என் ஸ்க்ரூ டிரைவர செருகி முறுக்குச்சு. டாக்டர் செஞ்சது அத அவுத்தது மட்டுந்தான். அவுத்துட்டு அந்தப் பொண்ண எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு, இந்த மனுஷனோட முட்டிய நீதான் எடுத்தேன்னாரு."

அந்தக் காலத்தில் அப்படிக் கட்டக் கூடாது என்றுதான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கட்டினால் கால் போய்விடும், கையால் அழுத்திப் பிடித்தாலே போதும் என்பது பாடம். அன்று துறைமுக வாசலில் லாரிகள் மறித்து நின்றதால் ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒரு மணி நாற்பது நிமிஷம் ஆனது. கட்டு அவ்வளவு நேரமும் இருந்தது. யாஸ்னா ஒலாவர்ரியா அந்த வருஷக் கடைசியில் வேலையை விட்டாள். இப்போது பக்கத்து ஊரான கார்த்தஹேனாவில் சலவைக் கடை வைத்திருப்பதாக லிஸாந்த்ரோ சொன்னார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு டாக்டர் வீட்டுக்கு மீன் போகவில்லை.

எவரிஸ்தோவை ஒன்று உறுத்தியது. இத்தனை வருஷமாக முகம் தெரியாதவர்களிடமெல்லாம் போய், நீங்கள் தூக்கிய ஆள் பிழைத்தான் என்று சொல்லியிருக்கிறார். யாரிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டுமோ, அவள் தன் கையால் ஒரு மனுஷனை முடமாக்கிவிட்டதாக நம்பிக்கொண்டு, இருபது நிமிஷத் தூரத்தில் ஓட்டல் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள்.

மகள் மரித்ஸா கிரேன் பராமரிக்கும் இன்ஜினியர். விபத்து அறிக்கையின் நகலை எங்கெங்கோ எழுதிப்போட்டு வாங்கி, ஒரே தாளில் அளவோடு படம் வரைந்து கொடுத்தாள். இதைக் காட்டினால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்றாள்.

"தாளெல்லாம் அப்புறம்" என்றார் எவரிஸ்தோ. "முதல்ல ஆள பாக்கணும்."

வெள்ளிக்கிழமை மகளின் வேனில் போனார். மகளை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, மூன்று பேண்டுகளைத் தூக்கிக்கொண்டு செயற்கைக் காலில் நடந்து கடைக்குள் நுழைந்தார். கல்லாவில் நின்றவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பேண்டுகளை எண்ணினாள். சீட்டில் பர்ரியா என்று எழுதினாள். அவர் பேரைச் சொல்லியிருக்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை. வியாழக்கிழமை ரெடியாயிடும் என்று மட்டும் சொன்னாள்.

அவர் வாய் திறக்காமல் வந்துவிட்டார். அடுத்த வெள்ளி மறுபடி மூன்று பேண்டு. அதற்கடுத்த வெள்ளியும். நாலாவது வாரம், ஒருத்தரே வாரத்துக்கு மூணு பேண்ட் அழுக்காக்குறத நான் பாத்ததில்ல என்றாள். துறைமுகத்தில் தூசி அதிகம் என்றார் அவர். அவர் துறைமுகத்தை விட்டுப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. வேனில் மரித்ஸா ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா சொன்னாங்க?"

"வியாழக்கிழமைன்னாங்க."

"நீ என்ன சொன்னே?"

"சரின்னேன்."

ஆறாவது வெள்ளி அவர் உள்ளே போனபோது, முந்தின வாரத்துப் பேண்டு ஒன்று உள்பக்கம் வெளியே தெரியக் கல்லாமேல் விரித்துக் கிடந்தது. இடது தொடைப் பக்கம் மஞ்சளாக ஒரு கறை. துவைத்தும் போகவில்லை.

"இது ரத்தம் இல்ல, சீழ். எத்தன நாளா இருக்கு?"

"ஒரு மாசம் இருக்கும்."

"முதல் வாரத்துல இருந்தே பாக்குறேன். வாரா வாரம் பெருசாகுது. புண்ணு மேலயே கால மாட்டிக்கிட்டு அலையுறீங்களா? யாரு உங்களுக்கு அளவெடுத்தது, செருப்புத் தைக்கிறவரா?"

கதவில் மூடியிருக்கிறது என்ற பலகையைத் திருப்பினாள். இஸ்திரி மேசைகளுக்கு நடுவே ஒரு நாற்காலியைப் போட்டு, கழற்றுங்க என்றாள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாள். துணிக்காரிக்கு அப்படிக் கை கழுவத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தரையில் உட்கார்ந்து, மிஞ்சியிருந்த தொடையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள். புண்ணைச் சுற்றி அழுத்தினாள். பிறகு விரல் தழும்பின் மேல் போயிற்று. அங்கேயே நின்றது.

"நாலு விரல் கீழ கட்டியிருக்கணும். கொஞ்ச கொஞ்சமா தளர்த்தி விட்டிருக்கணும். முட்டியாவது மிஞ்சியிருக்கும்."

ஆறு வாரமாக வண்டியில் வரும்போதெல்லாம் எவரிஸ்தோ சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தார். நீ கட்டாவிட்டால் செத்திருப்பேன் என்றால் அது அவளுக்குத் தெரியாததல்ல. அவள் கணக்கு முட்டியைப் பற்றியது. போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"அந்தத் தாள எடுத்துட்டு வா."

மரித்ஸா வந்து, பாதி மடித்த விரிப்பின் மேல் தாளை வைத்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"இது லாரித் தளம். இது பெட்டியோட மூலை. கூம்புல உக்காராம அது மேல ஏறி நின்னுடுச்சு. அதனால தளத்துக்கும் பெட்டிக்கும் நடுவுல இவ்வளவு இடம். முப்பத்தஞ்சு மில்லிமீட்டர்."

"எனக்கு மில்லிமீட்டர் தெரியாதும்மா. கையில காட்டு."

மரித்ஸா இரண்டு விரலை ஒட்டிப் பிடித்து, படுக்கைவாட்டில் காட்டினாள்.

"இதுக்குள்ள என்ன இருந்துச்சு?"

"அப்பாவோட முட்டி. அம்பத்திரெண்டு நிமிஷம்."

யாஸ்னா அந்த இரண்டு விரலையே பார்த்தாள். பிறகு தன் முட்டியைக் கையால் பிடித்துப் பார்த்தாள், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை.

"நான் வந்தப்ப பெட்டிய தூக்கிட்டாங்க. ரத்தந்தான் தெரிஞ்சுது. அடியில எப்படி இருந்துச்சுன்னு நான் பாக்கல."

"டாக்டரும் பாக்கல" என்றாள் மரித்ஸா. "நீங்க பெல்ட்ட கழட்டுறதுக்கு முன்னாடியே அந்த முட்டி இல்ல."

கொதித்துக்கொண்டிருந்த இஸ்திரிப் பெட்டியை யாஸ்னா எழுந்து போய் அணைத்தாள். திரும்பி வந்தபோது கையில் துணியும் மருந்தும் இருந்தன. பத்து நாளைக்குச் செயற்கைக் காலை மாட்டக் கூடாது, ஊன்றுகோல்தான் என்றாள். மாட்டியதாகத் தெரிந்தால் பேண்டைத் திருப்பித் தரமாட்டாளாம்.

வியாழக்கிழமை வகுப்புக்கு வரும்படி எவரிஸ்தோ கேட்டார். கூட்டத்தில் பேச வராது என்றாள். பேச வேண்டாம், நான் இத்தனை வருஷம் சொன்னதைத் திருத்தும்போது அங்கே இருந்தால் போதும் என்றார். கடை இருக்கிறது என்றாள்.

மூன்று வியாழக்கிழமை கழித்து அவள் வந்தாள். கடைசி வரிசையில், கோட்டைக் கழற்றாமல், கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். பாடம் இதற்குள் மாறியிருந்தது. இப்போது பீறிடும் ரத்தத்துக்கு முதலில் கட்டு, மற்றதெல்லாம் அப்புறம். ஒவ்வொருவர் இடுப்பிலும் கட்டுப் பட்டை ஒன்று தொங்கியது. பேச்சுக்கு முன்னால் பயிற்சி. ஒரு வங்கி குமாஸ்தா, மேசைமேல் படுத்திருந்த கூட்டாளியின் தொடையில் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தான். வலிக்குமே என்று பார்த்துப் பார்த்துத் திருகினான்.

"தம்பி, அது என்ன பரிசுப் பெட்டியா, ரிப்பன் கட்டுறீங்க?"

எல்லாரும் திரும்பினார்கள். யாஸ்னா எழுந்து வந்து அவன் கையைத் தள்ளிவிட்டுத் தானே திருகினாள். படுத்திருந்தவன் அலறினான்.

"வலிக்குதா?"

"ஐயோ, வலிக்குதுக்கா."

"அப்ப சரியா இருக்கு."

அடுத்தவனைப் படுக்க வைத்தாள். அதற்கடுத்தவளை. கோட்டு எப்போது நாற்காலிக்குப் போயிற்றென்று தெரியவில்லை. குமாஸ்தா கேட்டான்: இவ்வளவு இறுக்கிக் கட்டி, அப்புறம் கால் போச்சுன்னா டாக்டர் திட்டமாட்டாரா?

எவரிஸ்தோ தலையைக் குனிந்துகொண்டார். யாஸ்னா பட்டையின் வாரைச் செருகி முடித்தாள்.

"திட்டுவாரு. கட்டின நேரத்த எழுதி வெச்சுட்டு, திட்டட்டும்னு நில்லுங்க. யாரு, அடுத்து?"

வகுப்பு முடியும் மணி அடித்தும் நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். தேநீரும் ரொட்டியும் வந்து ஆறிக்கொண்டிருந்தன. எவரிஸ்தோவுக்கு அன்று பேச நேரம் கிடைக்கவில்லை.