பெயின்டரக்காவின் ஈர விரல்

சுட்டுவிரலைத் தண்ணீரில் முக்கி எடுத்து, ஜன்னல் சட்டத்தை ஒட்டி மெல்ல நகர்த்திக்கொண்டே போகிறார் அக்கா. ஓரிடத்தில் விரல் சில்லென்கிறது. "இதோ, இந்த வழியாத்தான் திருடன் உள்ள வரான்" என்கிறார். வலது கையில் வளையல்போல் கிடக்கும் டேப் உருளைகளில் ஒன்று கீழிறங்குகிறது. பல்லால் கடித்துக் கிழித்த துண்டு அந்த இடுக்கை அடைத்துவிடுகிறது.

திருடன் என்று அவர் சொல்வது புகையை. மலைக்காடு பற்றி எரிகிறது. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் போதும், எதிர்வீட்டு மாடிகூடத் தெரியாது. பகலிலேயே வண்டிகள் விளக்குப் போட்டுக்கொண்டு போகின்றன.

அக்காவுக்கு வீடுகளுக்கு வண்ணம் அடிக்கிற வேலை. எங்கள் வீட்டுக்கு நேர் மேல்வீட்டில் இருக்கிறார். அடுத்தவர் தரையில் ஒரு சொட்டு சிந்தமாட்டார். ஆனால் அவர் காதோரத்தில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். புகையால் வேலை நின்றதும், கட்டிடத்தில் எல்லார் வீட்டுக்கும் அழையா விருந்தாளியாக வர ஆரம்பித்தார். ஒருநாள் நான் அடுப்பில் எண்ணெய் காயவைத்திருந்தேன். வந்த வேகத்தில் அணைத்தார். "வெளிய இருக்கிற புகை பத்தலைன்னு நீ வேற வீட்டுக்குள்ள தயாரிக்கிறியா? நாலு நாளைக்கு அவிச்சுத் தின்னு, ஒண்ணும் குறைஞ்சு போயிடாது." கையிலிருந்த விளக்குமாறும் போயிற்று. "பெருக்கினா தூசி கிளம்பும். ஈரத்துணியால துடை."

இத்தனை பாடும் ஓர் ஆளுக்காகத்தான். அவர் கணவருக்கு வீசிங் உண்டு. போன வருடப் புகையில் மூச்சு இழுத்து, ஆக்ஸிஜன் வைக்கும் அளவுக்குப் போய்விட்டது. "அந்த ஆஸ்பத்திரி பெஞ்சுல இன்னொரு தடவை நான் உக்கார மாட்டேன்" என்று சொல்லும்போது மட்டும் அக்காவின் குரலில் கேலி இருக்காது.

மாமா பேருந்து நடத்துனர். நாளெல்லாம் பேசிப் பழகிய வாய். அவரை உள்ளறையில் உட்காரவைத்து, பெட்டி ஃபேனின் முதுகில் புகையை வடிகட்டும் ஃபில்டரை டேப்பால் ஒட்டி ஓடவிட்டிருந்தார் அக்கா. "ஜெயில்லகூடப் பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கும். எனக்கு இந்த ஃபேன்தான்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து அவர் புலம்புவது படிக்கட்டு வரை கேட்கும்.

லீவு முடிய, திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டும் என்றார் மாமா. அக்கா நல்ல மாஸ்க்காக வாங்கி வந்து மாட்டிவிட்டு, ஈர விரலை ஓரமாக ஓட்டினார். தாடைப் பக்கம் சில்லென்றது. நெஞ்சைத் தொடும் தாடி மாஸ்க்கைப் படியவிடவில்லை.

"உப்புத்தாள் போட்டுத் தேய்க்காத சுவத்துல டேப் ஒட்டாதுங்க. தாடியை எடுங்க."

"எடுத்தா டிரைவரே என்னை டிக்கெட் வாங்கச் சொல்வான்."

"அப்ப டூட்டியும் கிடையாது."

விடாக்கண்டனும் கொடாக்கண்டியுமாக சனிக்கிழமை கழிந்தது.

ஞாயிற்றுக்கிழமை புகை இன்னும் அடர்ந்தது. உள்ளறையின் பால்கனிக் கதவுதான் பாக்கி. பெயின்டர்கள் பின்பக்கமாகவே நகர்ந்து, கடைசிக் கதவை வெளியிலிருந்து ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அக்காவும் கைப்பழக்கத்தில் பால்கனிக்குப் போய்க் கதவை இழுத்துச் சாத்தி, நாலு பக்கமும் பிசிறில்லாமல் ஒட்டி, தள்ளி நின்று அழகு பார்த்தார். அப்புறம்தான் வீடு அந்தப் பக்கம் இருப்பது உறைத்தது. டேப்பைப் பிரித்தும் பயனில்லை. சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு. மாஸ்க் உள்ளே மேசை மேல். மாமா ஃபேன் பக்கம் திரும்பிக் கண்ணயர்ந்திருந்தார். அக்கா கதவுக் கண்ணாடியைத் தட்டினார், இருமினார், மறுபடி தட்டினார். இருமல் கேட்டு நான் மேலே ஓடுவதற்குள் மாமா விழித்து, கதவைத் திறந்து அவரை உள்ளே இழுத்திருந்தார். இருமலுக்கு நடுவிலும் அக்காதான் முதலில் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

மறுநாள் காலை அக்கா எப்படி இருக்கிறார் என்று பார்க்கப் போனேன். நாற்காலியில் யாரோ புது ஆள். நெற்றி கறுப்பு, தாடை வெளுப்பு. பாதி வண்ணம் அடித்த சுவர். மாமாவேதான். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"சிரிச்சுக்கோ" என்றார் மாமா. "நேத்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ இருமினப்போ எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. போன வருஷம் அந்தப் பெஞ்சுல உனக்கும் இப்படித்தானே இருந்திருக்கும்?"

அக்கா அவருக்கு மாஸ்க்கை மாட்டிவிட்டு, விரலைத் தண்ணீரில் முக்கினார். மூக்குத்தண்டில் தொடங்கி, கன்னம் இறங்கி, தாடை சுற்றி, மறு கன்னம் ஏறியது விரல். எங்கும் சில்லென்று இல்லை. ஆனாலும் அதை எடுக்காமல், இன்னொரு சுற்று மெதுவாக நகர்த்தினார்.