நூறு தாண்டினா கூப்பிடுங்க

கதை கட்டிச் சொல்ல எனக்கு என்ன வேண்டுதலா? இது நடந்தது. நம்பாதவர்கள் தாராளமாகச் சிரித்துவிட்டுப் போகலாம்.

குழந்தை டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் போன் எடுப்பது என் வேலை. காய்ச்சல் என்று யார் கூப்பிட்டாலும் எவ்வளவு என்று கேட்பேன். நூறுக்குக் கீழே என்றால், "நூறு தாண்டினா கூப்பிடுங்க" என்று வைத்துவிடுவேன். ஆறு வருடமாகக் கிளிப்பிள்ளை மாதிரி இதே பாட்டு.

அன்று என் மகளுக்கே லேசான காய்ச்சல். தொண்ணூற்றொன்பது. ரொம்பவும் சோர்ந்திருந்தாள். லீவு கேட்டால் டாக்டர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதனால் கூடவே கூட்டிப்போய், கிளினிக்கின் பின்னறைக் கட்டிலில் படுக்க வைத்தேன். டாக்டரிடம் காட்டவில்லை. நூறு தாண்டவில்லையே!

மதியம் 3.10. போன் அடித்தது. ஒரு பெண்.

"பாப்பாவுக்கு லேசா சுடுது. எழுப்புனா எழுந்திரிக்க மாட்டேங்குது."

"எவ்வளவு இருக்கு?"

"தொண்ணூத்தொம்பது."

பாட்டைப் பாடிவிட்டு வைத்தேன்.

3.20. அதே குரல். "எழுந்திரிக்க மாட்டேங்குதுங்க..."

"தூங்குற பிள்ளைய ஏம்மா எழுப்புறீங்க?"

எரிச்சலோடு வைத்தேன்.

3.30. மறுபடியும். இந்த முறை முதலில் பேச்சில்லை. மூச்சு மட்டும். அதற்குப் பின்னால்... கிரீச்... கிரீச்...

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

எங்கள் பின்னறை மின்விசிறி.

"உன் பிள்ளையப் பாரு" என்றாள்.

ஓடினேன்.

அறையில் மகள் மட்டும்தான். உலுக்கினேன்.

கண் திறக்கவில்லை...

டாக்டர்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பிழைத்தாள். "சூட்டை மட்டும் பார்த்தா போதுமா? பிள்ளையப் பார்க்க வேணாமா?" என்று என்னைத் திட்டினார். அந்த நூறு கணக்கைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். அவரைச் சொல்லி என்ன, பெற்றவளுக்கே புத்தி இல்லை.

மூன்றாம் நாள் மகள் கேட்டாள். "அந்த ஆன்ட்டி எங்கம்மா? என் நெத்தியில கை வெச்சுக்கிட்டே இருந்தாங்க. ஜில்லுன்னு இருந்துச்சு."

போன் வந்தால் குறித்துவைக்கும் நோட்டைப் புரட்டினேன். போன வருடம், அதே தேதி. 3.10, 3.20, 3.30. "பெண் குழந்தை. 99. எழவில்லை." என் கையெழுத்துதான். எனக்கு ஞாபகமே இல்லை.

பக்கத்திலிருந்த எண்ணுக்கு அடித்தேன். ஓர் ஆண் எடுத்தார். குழந்தை அன்று சாயங்காலமே போய்விட்டதாம். அடுத்த மாதம் அதன் அம்மாவும்.

"நீங்க யாரும்மா?" என்று கேட்டார்.

போனை வைத்துவிட்டேன். வைக்க மட்டும்தானே எனக்குத் தெரியும்.