சத்தம் வராத கீபோர்டு விற்கிறவன்

கடையில் நின்று விளக்கிச் சொல்லியே தொண்டை வறண்டவர்களே, நானும் உங்களில் ஒருவன்தான். மலேசியாவில், சுங்கைப் பட்டாணி நகரில் ஓர் இசைக்கருவிக் கடையில், கம்ப்யூட்டரில் பாட்டு அமைக்க உதவும் மிடி கீபோர்டு விற்கிறேன். தனியாக வைத்து வாசித்தால் அதில் சத்தமே வராது. கம்ப்யூட்டரோடு இணைக்க வேண்டும்.

பிறந்தநாள் பரிசு

வேலைக்குச் சேர்ந்த புதிது. பக்கத்து ஊரான மெர்போக்கில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டும் முனியாண்டி அண்ணன் வந்து, மகள் பிறந்தநாளுக்கு மலிவாக ஒரு கீபோர்டு கேட்டார். இருப்பதிலேயே விலை குறைந்த மிடி கீபோர்டைக் கொடுத்தேன். வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறதா என்று கேட்கவில்லை.

மறுநாள் பெட்டியோடு வந்து நின்றார். "ரோசாக்லா தம்பி, கெட்டுப்போன சாமான், ஒரு சத்தமும் வரல. சொந்தக்காரங்க முன்னால பிள்ளை அழுதுடுச்சி." எனக்குக் கூசிப்போனது. தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டு, ஸ்பீக்கர் உள்ள சாதாரணக் கீபோர்டாக மாற்றிக் கொடுத்தேன். அங்கேயே அழுத்திப் பார்த்தார். சத்தம் வந்ததும் கோபம் இறங்கியது. கிளம்பும்போது தோளில் தட்டிச் சொன்னார்: "மொதல்ல வீட்டுல என்ன இருக்குன்னு கேளு தம்பி, அப்புறமா வித்துக்கோ."

நாற்பத்தொன்பதில் ஒன்று

கரங்கானிலிருந்து வந்த கலைவாணி கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். சொந்தமாகப் பாட்டும் எழுதுவார். யாரோ பயன்படுத்திய நாற்பத்தொன்பது கட்டைக் கீபோர்டைக் காட்டி, "நல்லா இருக்கு, எடுத்துக்குங்க" என்றேன். அவர் அதைக் கடைக் கம்ப்யூட்டரில் மாட்டச் சொல்லி, ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக ஒரு முறை, ஓங்கி ஒரு முறை தட்டினார். ஒரு கட்டை மட்டும் மெதுவாகத் தொட்டாலும் அலறியது. சோதிக்காமலே சொன்ன நான் அசடு வழிந்தேன். வேறொன்றை எடுத்துக்கொண்டு சிரித்தார்: "கிளவுஸ்ல ஓட்டை பார்க்கிறதுதாண்ணே என் வேலை, ஒன்னையும் விட மாட்டேன்."

ஒரு கை

செல்வராஜ் அண்ணன் கல்யாணங்களில் கீபோர்டு வாசித்தவர். மோட்டார் சைக்கிள் விபத்தில் இடது கை செயலிழந்த பிறகு, நான்கு வருடமாக எதையும் தொடவில்லை. மனைவிதான் வற்புறுத்தி அழைத்து வந்தார். அறுபத்தொரு கட்டை உள்ள பெரிய கீபோர்டைப் பார்த்ததும், "வேணாம், போலாம்" என்று திரும்பிவிட்டார்.

நான் அவசரமாக, கடையிலேயே விலை குறைந்த இருபத்தைந்து கட்டைக் கீபோர்டை மாட்டினேன். "அண்ணே, இதுல ரெண்டு கையும் ஒரே நேரத்துல வேணாம். இடது கைக்கு உள்ளத முதல்ல வாசிங்க, கம்ப்யூட்டர் பதிஞ்சு வச்சுக்கும்" என்றேன். தயங்கித் தயங்கி, வலது கையாலேயே கீழ் ஸ்தாயியை வாசித்தார். அது ஒலிக்க ஒலிக்க, அதன்மேல் மெட்டை வாசித்தார். மூன்று முறை தப்பு வந்தது. மூன்று முறையும் அழித்துவிட்டு வாசித்தார். கடைசியில் இரண்டும் சேர்ந்து ஒலித்தபோது, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்: "நாலு வருசமா வீடு அமைதியா கெடந்துச்சு தம்பி, இனிமே பக்கத்து வீட்டுக்காரங்கதான் பாவம்."

முதலாளி எனக்குச் சம்பளம் தருகிறார் என்றாலும், தொழில் கற்றுக்கொடுத்ததெல்லாம் என்னிடம் ஏமாந்தும் ஏமாறாமலும் போன இவர்கள்தான், அதற்காக ஒருவருக்கும் நான் தள்ளுபடி கொடுத்ததில்லை.