பதில் சொன்னவரே எடுத்துக்கொள்ள வேண்டும்

செங்கல்பட்டிலிருந்து வரும் காலைப் பஸ் எங்கள் சவுக்குத் தோப்பருகே நிற்பதில்லை. அன்று நின்றது. கண்டக்டர் படியில் நின்றபடியே, "யம்மா, உங்க சூளைக்கார அம்மா ஆஸ்பத்திரியில தவறிட்டாங்களாம். சொல்லச் சொன்னாங்க" என்றார். விசில் ஊதினார். பஸ் போய்விட்டது. நான் உள்ளே வந்தேன். சுவரோரப் பலகையில் ஜெகதாக்கா செய்துவைத்துவிட்டுப் போன அகல் விளக்குகள் காய்ந்துகொண்டிருந்தன. இன்னும் சுடாதவை. விளிம்பில் அவருடைய கட்டைவிரல் பதிந்திருந்தது.

மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவில் உள்ள எங்கள் கூட்டுச் சூளைக்கு வந்துபோன உங்களுக்கு ஜெகதாம்பாளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. யார் மண்ணில் எதைச் செய்தாலும் இங்கே கொண்டுவந்து சுட்டுக்கொள்ளலாம். உள்ளூர்களிலிருந்து வண்டியில் பானை கொண்டுவருகிறவர்களும், பயிற்சி வகுப்பில் சட்டி செய்யக் கற்ற குப்பத்துப் பெண்களும் ஒரே சூளையில்தான் சுட்டார்கள். அடுக்குவது, மூட்டுவது, பிரிப்பது எல்லாம் ஜெகதாக்காவின் பொறுப்பு. நான் கணக்கு எழுத வந்தவள். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கிராமம். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். முதல் நாள் ஜெகதாக்கா என் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

"இன்னா? நீ சொன்னியா, காத்து சொல்லிச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "பட்டம் குடுக்கறப்போ பேரைக் கூப்ட்டிருப்பாங்களே, அப்பவாச்சும் எழுந்து போனியா?"

அந்த வாரமே என்னைப் பெயர்ப்பலகை எழுத வைத்தார். பெயருக்குக் கீழே சூளையின் விதிகள். ஈரம் காயாத சாமான் எடுக்கப்படாது. வெடித்தால் சூளை பொறுப்பல்ல. ஆறுவதற்குள் வாயைப் பிரிக்கக் கூடாது. இவை எந்தச் சூளையிலும் உள்ளவைதான். கடைசி இரண்டும் அவருடையவை. சூளை அடுக்கும்போது ஒவ்வொரு சாமானுக்கும் அதற்குரியவரின் பெயரைக் கூப்பிடுவார். பெயருக்குரியவரோ அவர் வீட்டாரோ "கீறேன்", அதாவது இருக்கிறேன், என்று குரல் கொடுக்க வேண்டும். பதில் வராத சாமான் உள்ளே போகாது. சுட்ட பிறகு, பதில் சொன்னவரே வந்து தன் கையால் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாச் சட்டியும் ஒரே மாதிரி இருப்பதால் மாறிப்போகாமலிருக்க இந்த ஏற்பாடு என்று நினைத்திருந்தேன். ஒருமுறை அவரே சொன்னார்: "நெருப்புக்கு ஆள் தெரியாது. இன்னாருதுன்னு நாமதான் சொல்லி அனுப்பணும்." அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

அந்த ஐப்பசியில் குப்பத்துக் கன்னியப்பன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. கட்டுமரம் மட்டும் சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைக்குக் கீழே ஒதுங்கியது. அவர் மனைவி பச்சையம்மாள் எங்களிடம் வறைசட்டிகள் சுடுகிறவர். புருஷன் திரும்பி வந்தால் அம்மனுக்கு வைப்பதாக வேண்டிக்கொண்டு, ஒரு முழ உயரத்தில் ஆண் பொம்மை ஒன்று செய்து எடுத்துவந்தார். ஜெகதாக்கா அதைத் தொட்டு, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"கடல் தண்ணியிலயாடி பெசஞ்ச? உப்பு பூத்துடுமே."

"அவரு அங்கதானக்கா கீறாரு" என்றார் பச்சையம்மாள். ஜெகதாக்கா பொம்மையை வாங்கிக் காயவைத்தார்.

தவறு அடுக்கும்போது நடந்தது. சூளையை நடத்தும் சங்கத்தில் பச்சையம்மாளின் இடம் கணவர் பெயரில்தான் இருந்தது. குப்பத்துப் பெண்கள் பலருக்கும் அப்படித்தான். கன்னியப்பன் பெயரைக் கூப்பிட்டால் பச்சையம்மாள் பதில் சொல்வார், இதுதான் வழக்கம். அன்றும் பழக்கத்தில் ஜெகதாக்கா பொம்மையைக் கையில் தூக்கிக்கொண்டு உரக்கக் கூப்பிட்டுவிட்டார்.

"கன்னியப்பன்!"

கூப்பிட்ட பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. நான் பச்சையம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உதடு பிரியவில்லை. விறகு போடுகிற ஆள் டீ குடிக்கப் போயிருந்தார். அங்கே இருந்தவர்கள் பெண்கள் மட்டும். சவுக்குத் தோப்பில் காற்றும் நின்றிருந்தது.

"கீறேன்."

ஆண் குரல். கொஞ்சம் கரகரப்பு. பாதி அடுக்கியிருந்த சூளைக்குள்ளிருந்து வந்தது போலிருந்தது. யாரும் கத்தவில்லை, ஓடவில்லை. பச்சையம்மாள் மட்டும் முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டார், மூத்தவர்கள் எதிரில் வந்ததைப் போல. ஜெகதாக்காவின் கை அப்படியே நின்றது. பிறகு குனிந்து, பொம்மையைச் சட்டிகளுக்கு நடுவே நிறுத்தினார்.

"பதில் வந்துடிச்சி. உள்ள போவட்டும்" என்றார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

சூளை பிரித்த அன்று, குரல் கேட்ட பேச்சு குப்பம் வரை போயிருக்க, கன்னியப்பனின் அண்ணன் வந்து நின்றார். கெட்டவரில்லை. தம்பியைத் தேடிக் கரை நெடுக நடந்து கால் புண்ணாகியிருந்தவர்.

"ஒடம்பு கெடைக்கல. இந்த பொம்மைய வச்சி காரியத்த முடிச்சிடலாம்னு பெரியவங்க சொல்றாங்க. அவளுக்கும் தாலி எறக்கிடணும். குடும்மா" என்றார்.

பச்சையம்மாள் சூளையோரம் தாலிக்கயிற்றைப் பிடித்தபடி நின்றார். பொம்மை அந்தப் பக்கம் போனால் அவர் விதவை.

"கூப்ட்டப்போ யாரு பதில் சொன்னாங்களோ, அவங்க வந்து எடுத்துகினு போவட்டும்" என்றார் ஜெகதாக்கா. "போர்டுல எழுதிக்கீது. படி, அண்ணாத்த."

"இன்னாமே பேசற? செத்தவன் வந்து பொம்மை தூக்குவானா?"

"செத்தவன் பதில் சொல்லுவானா? அத்த நீ சொல்லு."

அவர் சுற்றிப் பார்த்தார். என்னிடம் வந்து நின்றார். "நீ படிச்ச பொண்ணு. பொய் சொல்ல மாட்ட. கொரல் கேட்டிச்சா?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். "கேட்டுது" என்றேன். நான் நினைத்ததைவிட உரக்க வந்தது.

அவர் சூளைக்குள் எட்டிப் பார்த்தார். சுற்றியிருந்த சட்டிகளெல்லாம் நன்றாகச் சிவந்திருந்தன. பொம்மை மட்டும் தலையிலிருந்து கால்வரை வெளுத்திருந்தது, கடலிலிருந்து ஏறி வெயிலில் காய்ந்த உடம்பைப் போல. அவர் கையை நீட்டி, தொடாமலே இழுத்துக்கொண்டார். திரும்பிப் போனவர் பிறகு வரவில்லை. காரியமும் நடக்கவில்லை.

பொம்மையை ஜெகதாக்கா மேல் பலகையில் வைத்தார். கடற்காற்றில் ஈரம் ஏறும் நாட்களில் அதற்கு வியர்க்கும். உப்பு ஈரத்தை இழுக்கிறது, அவ்வளவுதான். அது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த நாட்களில் அந்தப் பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து என்னால் எழுத முடிவதில்லை. பச்சையம்மாள் வரும்போதெல்லாம் முந்தானையால் அதன் முகத்தைத் துடைப்பார். துடைத்துக்கொண்டே மீன் விலை பேசுவார், ஓரகத்தியைத் திட்டுவார். கையில் கண்ணாடி வளையல் சத்தமிடும்.

ஒருநாள் ஜெகதாக்காவிடம் கேட்டே விட்டேன், அந்தக் குரலைக் கொடுத்தது நீங்களா என்று.

"வாய் நெறைய வெத்தலை. பேரைச் சொன்னதே பெரும்பாடு. இதுல ஆம்பளக் கொரல் வேறயா?" என்றார். சற்றுக் கழித்து, "நீயோன்னு நான் நெனச்சிகினு கீறேன்" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார் என்று சிரித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் கூப்பிடும் விதம் மாறியது. பெயரைச் சொல்லிவிட்டு, பதில் வந்த பிறகும் ஒரு மூச்சு நேரம் பேசாமல் நிற்பார். வேறு யாராவது சொல்ல இருக்கிறார்களா என்று பார்ப்பவர் போல.

ஜெகதாக்காவின் காரியம் முடிந்து, சென்ற வாரம் சூளை அடுக்கினோம். பெயர் கூப்பிடும் வேலை எனக்கு வந்தது. முதல் சில பெயர்களுக்கு, "காத்து கூப்புடுதுடி" என்று யாரோ சொன்னார்கள். ஜெகதாக்கா நினைவில் எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியபோது என் கையில் அவருடைய அகல் விளக்குகள் இருந்தன. அவருக்கு வீட்டார் என்று யாரும் இல்லை. சுடாமல் விட்டால் அடுத்த மழையில் மண்ணாகிவிடும்.

"பதில் வராத சாமான் உள்ள போவாதும்மா" என்றார் பச்சையம்மாள், மெதுவாக.

கூப்பிட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு உரக்க யார் பெயரையும் நான் சொன்னதில்லை. சொல்லிவிட்டு நின்றேன். ஒரு பெயரைச் சொன்னால் பதிலுக்கு இடம் விட்டு நிற்பது. ஜெகதாம்பாளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

அகல்கள் நன்றாக வெந்து வந்திருக்கின்றன. ஒன்றுகூட வெடிக்கவில்லை. மேல் பலகையில், கன்னியப்பனின் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். விளக்கேற்றக் கேட்டு வருகிறவர்கள் மன்னிக்க வேண்டும். பதில் சொன்னவர்தான் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.