ரெசெதாவின் இடுப்பில் விழுந்த மூட்டம்

மக்தோல்னாவின் வேலைக்காலத்தின் பெரும்பகுதி எக்ஸ்ரே அறையின் ஈயக் கதவுக்கு வெளியே கழிந்தது. நகர மருத்துவமனையில் மனிதர்களின் நெஞ்சையும் முழங்காலையும் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிரிவை மூடியதும், சமவெளியில் சூரியகாந்தி வயல்களுக்கு நடுவே இருந்த குதிரை மருத்துவமனையில் சேர்ந்தாள்.

"இங்க யாரும் மூச்சைப் பிடிக்க மாட்டாங்க, மக்தி" என்றார் டாக்டர் கெல்லேர்ட், முதல் நாளே.

"அங்க மட்டும் யாரு பிடிச்சாங்க?" என்றாள் அவள்.

அதிகம் பேசமாட்டாள். எடுத்த படம் மனசுக்குப் பிடிக்காவிட்டால் யார் அவசரப்படுத்தினாலும் கையை விட்டு அனுப்பமாட்டாள். அதற்காகவே அவளைப் பிடிக்காதவர்களும் உண்டு.

புது வேலையில் அவளுக்கு வாய்த்தவை இரண்டு இயந்திரக் கைகள். ஒன்று கதிர்க்குழாயைப் பிடித்துக்கொள்ளும். மற்றொன்று படத்தட்டைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் குதிரை நிற்கும். குதிரையைத் திருப்ப வேண்டாம், படுக்கவைக்க வேண்டாம், கைகள்தான் அதைச் சுற்றி வரும்.

இலையுதிர்காலத்தில் ஒரு காலை, ஊரார் பாச்சி, அதாவது மாமா, என்று கூப்பிடும் கிழவர் அம்ப்ருஷ் தன் பெண்குதிரை ரெசெதாவைக் கொண்டுவந்தார். வாய்க்காலைத் தாண்டும்போது வழுக்கி விழுந்திருந்தது. பின்னங்காலைத் தரையில் ஊன்றவில்லை. இடுப்பு மூட்டின் கிண்ணத்தில் விரிசல் விழுந்திருந்தால் பிழைக்க வழியில்லை. அவ்வளவு பெரிய உடம்பு மூன்று காலில் மாதக்கணக்கில் நிற்காது. அன்றே ஊசி போட்டு முடித்துவிடுவார்கள். அம்ப்ருஷுக்கும் அது தெரியும்.

குதிரைக்குப் பின்னால் வண்டியிலிருந்து ஒரு கழுதையும் இறங்கியது. பெயர் பொகாச்சா.

"இவன் வெளியில நிக்கட்டும் பாச்சி" என்றாள் மக்தோல்னா.

"இவன் இல்லாம அவ வண்டியிலயே ஏறல கண்ணு. பிரிச்சுப் பாரு, உன் மெஷினை உதைச்சே பிரிச்சுப்புடுவா."

மக்தோல்னா மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. அந்தச் சமவெளியில் குதிரைக்கு ஒரு கழுதை துணை இருந்தால், நோய் வந்த நேரத்தில் இரண்டையும் யாரும் பிரிப்பதில்லை. கழுதையை ரெசெதாவின் பக்கத்திலேயே கட்டினார்கள். மயக்க மருந்து லேசாகக் கொடுத்தார்கள். பிறகு வழக்கப்படி அறையில் ஆள் யாரும் இல்லையே என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். கழுதையை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

இடுப்பு முழுவதும் ஒரே படத்தில் வரட்டும் என்று மக்தோல்னா கதிரை அகலமாகத் திறந்தாள். படத்தட்டைப் பழைய பழக்கத்தில் உடம்போடு ஒட்டவைத்தாள். திரையில் வந்தது எலும்பு என்பதைவிட, பாலில் போட்ட எலும்பு என்று சொல்லலாம். அந்த வெளுப்புக்குள், கிண்ணத்தின் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது.

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு நெடுநேரம் பார்த்தார்.

"விரிசலா?" கதவருகிலிருந்து அம்ப்ருஷ் கேட்டார்.

"அப்படித்தான் தெரியுது பாச்சி. ஆனா இதை வச்சு நான் ஊசியைத் தொடமாட்டேன். மக்தி, இன்னும் தெளிவா ஒண்ணு கிடைக்குமா?"

மறுபடி எடுத்தாள். அதே வெளுப்பு. ஆனால் முதல் படத்தில் வால் பக்கம் அடர்ந்திருந்த மூட்டம் இப்போது வயிற்றுப் பக்கம் வந்திருந்தது. குதிரை ஒரு அங்குலம்கூட நகரவில்லை. கைகளும் நகரவில்லை.

மக்தோல்னா கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்தாள். பொகாச்சா கயிறு விட்ட மட்டும் நடந்துபோய், தன் பெரிய பின்புறத்தைப் படத்தட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மாற்றிக்கொண்டு நின்றது.

"அட கடவுளே, கழுதை!" என்றாள்.

"அவன் என்ன பண்ணினான்?" அம்ப்ருஷுக்குக் கோபம் வந்துவிட்டது. "சும்மாதானே நிக்கிறான்!"

"சும்மா நிக்கிறதுதான் பாச்சி தப்பு. மூடுபனியில பெரிய லைட்டைப் போட்டா என்ன ஆகும்?"

"எதிர்ல வெள்ளையாத்தான் தெரியும். ரோடு தெரியாது."

"அதேதான். நான் கதிரை அகலமா விட்டுட்டேன். அது குதிரை மேல பட்டுச் சிதறுது, மிச்சம் இவன் மேல பட்டுச் சிதறுது. எல்லாம் தட்டுல வந்து விழுந்தா எலும்பு எங்க தெரியும்? இவனைச் சொல்லிக் குத்தமில்ல, திறந்துவிட்டது நான்."

"அப்ப வெளியில கொண்டுபோங்க" என்றார் டாக்டர்.

கொண்டுபோனார்கள். கழுதையின் வால் கதவைத் தாண்டியதும் ரெசெதா மயக்கத்தையும் மீறி நடுங்கத் தொடங்கியது. அடிபட்ட காலை ஊன்றப் பார்த்தது. விரிசல் இருந்து, அது இப்படி உதறினால் நிச்சயம் உடைந்துவிடும்.

"உள்ள விடு! உள்ள விடு!" என்று அம்ப்ருஷ் கத்தினார்.

கழுதை திரும்பி வந்தது. இந்த முறை மக்தோல்னா அதைக் கதிர்க்குழாய்க்குப் பின்னால், ரெசெதா தலையைத் திருப்பினால் கண்ணில் படும் இடத்தில், குட்டைக் கயிற்றில் கட்டினாள். குழாய்க்குப் பின்னால் கதிர் நேராகப் போகாது. இருந்தாலும் ஈய அங்கி ஒன்றை எடுத்து அதன் முதுகில் போர்த்தினாள்.

"கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கான்" என்றார் அம்ப்ருஷ். சிரிக்கப் பார்த்துவிட்டு, அங்கியின் ஓரத்தை இழுத்துவிட்டார்.

பிறகு கதிரின் வாயை உள்ளங்கை அகலத்துக்குச் சுருக்கினாள். ஒரே பெரிய படம் வேண்டாம், சின்னச் சின்னதாக எடுக்கலாம். படத்தட்டைக் குதிரையிடமிருந்து ஒரு முழம் பின்னுக்கு நகர்த்தினாள். பக்கவாட்டில் சிதறும் கதிர்கள் அந்த இடைவெளியில் விலகிப் போய்விடும். நேராக வருவதுதான் தட்டைத் தொடும். ஒட்டிவைத்தே பழகிய அவள் விரலுக்கு அந்தப் பொத்தானை அழுத்த மனசு வரவில்லை. அழுத்தினாள். இயந்திரக் கை ஓசையில்லாமல் விலகியது.

முதல் சின்னப் படம் திரையில் எழுந்தது. கிண்ணத்தின் விளிம்பு, கத்தியால் சீவியது போல். கோடும் இருந்தது.

மக்தோல்னா இரண்டு கைகளையும் கொஞ்சம் சுழற்றி, வேறு கோணத்தில் இன்னொன்று எடுத்தாள்.

கோடு எலும்பை விட்டு நகர்ந்திருந்தது. கிண்ணத்துக்கு வெளியே, வெற்றிடத்தில் வளைந்து நின்றது.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "குடல்ல இருக்கிற காத்தோட விளிம்பு" என்றார் மெதுவாக. "விரிசலா இருந்தா கோணம் மாறினாலும் எலும்பை விட்டு நகராது. எலும்புல ஒண்ணுமே இல்ல. எல்லாக் கோணத்துலயும் எடுத்துடுங்க மக்தி, இருந்தாலும்."

எல்லாக் கோணத்திலும் எடுத்தாள். எதிலும் விரிசல் இல்லை. கிழிந்திருந்தது சதை, ஓய்வில் ஆறிவிடும்.

அம்ப்ருஷ் கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பிறகு வீட்டில் மனைவிக்குப் போன் போட்டார்.

"இல்லடி... இல்லங்கிறேன். ஊசியெல்லாம் போடல... நான் எதுக்குடி பொய் சொல்லப்போறேன்?" போனை மக்தோல்னாவிடம் நீட்டினார். "என்னை நம்பமாட்டேங்கிறா. நீயே சொல்லு கண்ணு."

"எலும்பு நல்லா இருக்கும்மா" என்றாள் மக்தோல்னா. "நான்தான் படம் எடுத்தேன். நல்லாப் பார்த்துட்டோம். வசந்தம் வரைக்கும் ஓடவிடாதீங்க, அது போதும்."

மறுமுனையில் நாற்காலி ஒன்று தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. அந்த அம்மா அதில் உட்கார்ந்து நீளமாக மூச்சுவிட்டாள். மக்தோல்னா வைக்கவில்லை. அந்த மூச்சு அடங்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.